பிளாக்பெரியா, எல்டர்பெரியா, பெட்டிச் சாறா?

இங்கிலாந்தில் வீட்டில் ஒயின் போட நினைப்பவருக்கு அதிகம் செலவு வைக்காத வழிகள் மூன்று. நடைபாதை ஓரப் புதர்களில் பழுக்கும் பிளாக்பெரி, அதே வேலியில் சற்று உயரத்தில் கொத்துக்கொத்தாகத் தொங்கும் எல்டர்பெரி, கடையில் அட்டைப் பெட்டியில் விற்கும் சிவப்புத் திராட்சைச் சாறு. மூன்றையும் போட்டுப் பார்த்திருக்கிறேன். முதல் தடவை போடுகிறவர்களுக்கு பிளாக்பெரியைத்தான் சொல்வேன். எனக்குப் பிடித்தது எல்டர்பெரி.

இங்கே சொந்த உபயோகத்துக்குப் போட்டுக்கொள்ள உரிமம் தேவையில்லை, விற்கக் கூடாது. தமிழ்நாட்டில் 1937ஆம் ஆண்டு மதுவிலக்குச் சட்டப்படி உரிமம் இல்லாமல் தயாரிப்பதே குற்றம். ஊரில் இருக்கிறவர்கள் வாசிப்பதோடு நிறுத்திக்கொள்ளுங்கள்.

பெட்டிச் சாறு ரொம்பச் சுலபம். 4 லிட்டர் சாறு, 300 கிராம் சர்க்கரை, ஒயின் ஈஸ்ட், மீதிக்குத் தண்ணீர். 4.5 லிட்டர் கண்ணாடி ஜாடி நிறைந்துவிடும். சுமார் 12 சதவீதம் ஆல்கஹால் வரும், இரண்டு மாதத்தில் குடிக்கலாம். பெட்டியின் பின்பக்கத்தை மட்டும் படித்துவிட்டு வாங்குங்கள். பொட்டாசியம் சார்பேட் என்று இருந்தால் ஈஸ்ட் பெருகாது. ஒருமுறை பார்க்காமல் வாங்கிவிட்டு, ஐந்து நாள் ஒரு குமிழிகூட வராத ஜாடியைப் பார்த்தபடி இருந்தேன். சரியாக வந்தாலும் சுவை மெலிசுதான். சோற்றோடு ஒரு கிளாஸ் குடிக்கலாம், எடுத்து வைத்துக் காத்திருக்கும் அளவுக்கு அதில் ஒன்றும் இல்லை.

பிளாக்பெரி ஆகஸ்ட் நடுவில் தொடங்கும். செப்டம்பர் 29ஆம் தேதி வரும் மைக்கேல்மாஸ் என்ற கிறிஸ்தவத் திருநாளுக்குப் பிறகு அதைப் பறிக்கக் கூடாது, சாத்தான் துப்பிவிடுவான் என்று இங்குள்ள பழைய ஆட்கள் சொல்வார்கள். உண்மையிலேயே அதற்குப் பிறகு மழையும் குளிரும் சேர்ந்து பழம் சப்பென்று ஆகி, பூஞ்சை பிடித்துவிடும். ஒரு ஜாடிக்கு 1.8 கிலோ பழம், ஒரு கிலோ சர்க்கரை. பழத்தை ஃப்ரீஸரில் வைத்து உறையவிட்டு எடுத்தால் தானாகவே உடைந்து சாறு விடும், மசிக்கும் வேலை பாதி குறையும். இதில் ஜாமைக் கெட்டியாக்கும் பெக்டின் என்ற பொருள் இருக்கிறது. பெக்டினை உடைக்கும் என்சைம் பொடியை ஒரு ஸ்பூன் போடாவிட்டால் ஒயின் கடைசிவரை மங்கலாகவே நிற்கும். திரவத்தின் அடர்த்தியை அளக்கும் ஹைட்ரோமீட்டர் தொடக்கத்தில் 1.090 காட்டி, 0.995க்கு இறங்கி அங்கேயே நின்றால் நொதித்து முடிந்தது என்று அர்த்தம். புளிப்பும் மணமும் அளவாக இருக்கும், சின்னத் தப்புகளைத் தாங்கிக்கொள்ளும். ஆறு மாதத்தில் நன்றாக இருக்கும், ஒரு வருடத்தில் இன்னும் நன்றாக இருக்கும்.

எல்டர்பெரிக்கு உழைக்க வேண்டும். மிளகைவிடச் சற்றே பெரிய பழம். முள்கரண்டியால் காம்பிலிருந்து சீவிச் சீவி உதிர்க்கணும். 1.4 கிலோ சேர ஒரு சாயங்காலமே போய்விடும். காம்பிலும் காயிலும் சயனைடு உண்டாக்கும் பொருள் இருக்கிறது, பச்சையாகத் தின்றால் வாந்தி வரும். அதனால் காம்பைச் சுத்தமாக நீக்கி, பழத்தைக் கொதிக்க வைத்து ஆறவிட்ட பிறகுதான் ஈஸ்ட் போடுகிறேன். பாத்திரத்தில் பச்சை நிறத்தில் ஒரு பிசின் ஒட்டிக்கொள்ளும், சோப்புக்கு அசையாது. பலாப்பிசினுக்குச் செய்கிற மாதிரி சமையல் எண்ணெய் தேய்த்தால் வந்துவிடும்.

துவர்ப்பும் கடுமை. ஆறாம் மாதம் ருசி பார்த்தால் நாவல்பழம் தின்ற மாதிரி நாக்கு தடித்துப்போகும். அப்போது கீழே ஊற்றிவிடாதீர்கள். மண்டியை அடியிலேயே விட்டு, தெளிவை மட்டும் ட்யூபில் வேறு ஜாடிக்கு இறக்கி, பாட்டிலில் அடைத்து இருட்டில் வையுங்கள். இரண்டாவது வருடம் திறந்தால் அந்தத் துவர்ப்பே ஒயினுக்கு வாயில் ஒரு கனத்தைக் கொடுத்திருக்கும். திராட்சை ஒயின் என்றே நினைத்துக் குடித்தவர்கள் என் வீட்டில் உண்டு.

காத்திருக்கப் பொறுமை இல்லாதவர்களுக்கு நடுவில் ஒரு வழி இருக்கிறது. 1.3 கிலோ பிளாக்பெரியோடு 400 கிராம் எல்டர்பெரி. உதிர்க்கும் வேலை ஒரு மணி நேரத்துக்குள் முடிந்துவிடும், நிறம் அடர்த்தியாக வரும், துவர்ப்பு கடிக்காது. செப்டம்பர் முதல் வாரம் இரண்டும் ஒன்றாகக் கிடைக்கும். அப்போது போட்டால் அடுத்த கோடையில் திறக்கலாம்.