ஐ.ஆர்.சி. 103 வாங்கலாமா?

சாலை வேலைக்கான தரவிதிகளை எழுதும் பொறியாளர் அமைப்பான இந்தியன் ரோட்ஸ் காங்கிரஸ் (ஐ.ஆர்.சி.) 2012-இல் வெளியிட்ட நடைபாதை வழிகாட்டி இது. பார்வைக்கு ஒன்றும் இல்லை, அரசு நூல்களுக்கே உரிய சாதா அட்டை, தூக்கத்தை வரவழைக்கும் நடை. ஆனாலும் நகராட்சி வேலை எடுக்கும் சிவில் இன்ஜினியர் யாராக இருந்தாலும் பையில் ஒரு பிரதி வைத்திருங்கள் என்பேன். படிக்க அல்ல, சண்டை போட.

நம் தொழிலில் "ஜனங்க நடக்கச் சிரமப்படுறாங்க சார்" என்று சொன்னால் யாரும் நிமிர்ந்துகூடப் பார்க்க மாட்டார்கள். "எந்தக் கோடுல (code, அதாவது விதிநூலில்) இருக்கு?" என்பார்கள். அந்த இடத்தில் இந்த நூலை விரித்து வைக்கலாம். ஒரு ஊரில் நடந்த வேலையில், வரைபடத்தில் நடைபாதை 1.8 மீட்டர் என்று பார்த்ததும் இ.இ. (செயற்பொறியாளர்) திருப்தியாகிவிட்டார், ஆனால் அதன் நட்டநடுவில் மின்வாரியத்து பில்லர் பாக்ஸ் நிற்கிறது, அதைத் தாண்ட ஓர் ஆள் உடம்பை ஒருச்சாய்த்துத்தான் போகவேண்டும். நூல் கேட்பது தடையே இல்லாத 1.8 மீட்டர், தலைக்கு மேல் 2.2 மீட்டர். பக்கத்தைக் காட்டிய பிறகுதான் டேப்பை எடுத்தார்கள். நடைபாதை ஓரத்துக் கெர்ப் கல்லும் அப்படித்தான், உயரம் 150 மி.மீ.க்கு மேல் போகக்கூடாது என்று தெளிவாக இருக்கிறது, நாமோ முழங்கால் உயரத்துக்குக் கட்டிவிட்டு, வயசானவர்கள் ஏன் ரோட்டில் இறங்கி நடக்கிறார்கள் என்று அலுத்துக்கொள்கிறோம்.

குறை இல்லாமல் இல்லை. இரண்டு சந்திப்புகளுக்கு நடுவில் சாலையைக் கடக்க இடம் ஒதுக்குவதற்கான நிபந்தனைகளைப் படித்தால் எரிச்சல்தான் வரும். உச்ச நேரத்தில் கடக்கும் ஆட்களின் எண்ணிக்கையை, வண்டிகளின் எண்ணிக்கையின் வர்க்கத்தால் பெருக்கி ஒரு கணக்கு, வரும் தொகை ஒரு வரம்பைத் தாண்டவேண்டும். பயந்துபோய் யாருமே கடக்காத ரோட்டில் இந்தக் கணக்கு எப்படித் தேறும்? இன்னொரு நிபந்தனை, ஒரு வருஷத்தில் 5 பேராவது வண்டி மோதிக் காயப்பட்டிருக்க வேண்டுமாம். அதாவது முதல் நாலு பேர் நம் எஸ்டிமேட்டுக்கு ஆதார ஆவணம். பொறியாளர்களே எழுதி, பொறியாளர்களே அங்கீகரித்த வரி இது. இதை மாற்றச் சொல்லிச் சத்தம் போடவேண்டியதும் நாம்தான்.

ஆனால் சத்தம் வேறு பக்கமிருந்து வந்தது. நடைபாதை, உயிர்வாழும் உரிமையைச் சொல்லும் அரசியல் சாசனத்தின் 21-ஆம் பிரிவு தரும் உரிமை என்று 2025 மே மாதம் உச்ச நீதிமன்றம் சொன்னதே, அந்த வழக்கைத் தொடுத்தவர் கோவையைச் சேர்ந்த எலும்பு மருத்துவர் எஸ். ராஜசேகரன். முறிந்த காலைச் சேர்த்து வைப்பவர் கோர்ட்டுக்குப் போகிறார், ரோடு போடும் நாம் பில் பாஸ் ஆவதற்காகக் காத்திருக்கிறோம்.

சரி, வாங்குவதைப் பற்றி. மேலே சொன்னதெல்லாம் 2012 பதிப்பிலிருந்து; 2022-இல் திருத்திய பதிப்பு வந்துவிட்டது, கேட்கும்போது வருஷத்தைச் சொல்லிக் கேளுங்கள், புதுசையே வாங்குங்கள். பழையதன் ஸ்கேன் இணையத்தில் இலவசமாகவே கிடைக்கும். ஆனால் மீட்டிங்குக்கு அச்சுப் பிரதிதான் சரி, போனில் காட்டினால் "அனுப்பி வைங்க, பார்க்கிறேன்" என்று முடித்துவிடுவார்கள்.