சினிமா கொட்டகையா, நடன மண்டபமா?

1960-களின் தொடக்கத்துக்குப் போக ஒரு டிக்கெட் கிடைத்தால், பிரிட்டனின் சிறு நகரம் ஒன்றில் ராக் அண்ட் ரோலை எங்கே கேட்பது? இரண்டு சனிக்கிழமைகளை எடுத்துக்கொள்கிறேன்: 1963 மே 18, ஸ்லவ் நகரின் அடெல்ஃபி சினிமா, 1961 டிசம்பர் 9, ஆல்டர்ஷாட் நகரின் ‘பலே’ (Palais) என்ற நடன மண்டபம். இரண்டிலும் பீட்டில்ஸ்!

யார் யார்?
கொட்டகை: பீட்டில்ஸோடு அமெரிக்கப் பாடகர் ராய் ஆர்பிசன், ஜெர்ரி அண்ட் த பேஸ்மேக்கர்ஸ் இசைக்குழு என்று ஒரே டிக்கெட்டில் ஒரு பட்டாளம்.
மண்டபம்: உள்ளூர் ஆட்களுக்கு அப்போது பெயர்கூடத் தெரியாத லிவர்பூல் பையன்கள்.

எவ்வளவு நேரம்?
கொட்டகை: ஒரே இரவில் இரண்டு காட்சி. ஆளுக்குச் சில பாட்டுதான். மனசு நிறைவதற்குள் அடுத்தவர் வந்துவிடுவார்.
மண்டபம்: ஆடுகிறவர்களுக்காக வாசிப்பதால் நீண்ட நேரம்.

இடம்?
கொட்டகை: நாற்காலி உண்டு, ஆட முடியாது. அலறலில் பாட்டுக் கேட்பதும் சந்தேகம்தான்.
மண்டபம்: மேடை கைக்கெட்டும் தூரம்.

ஆனால் மண்டபத்தை நம்ப முடியாது. உள்ளூர்ப் பத்திரிகையில் விளம்பரம் வராததால் ஆல்டர்ஷாட்டுக்கு வந்தவர்கள் வெறும் 18 பேர். காலியான தரையில் பேண்ட்காரர்களே இறங்கி ஆடியிருக்கிறார்கள். பாவம், லிவர்பூலிலிருந்து அவ்வளவு தூரம் வேனில் வந்தவர்கள்!

பெரிய பெயர்களை ஒரே இரவில் பார்த்துவிட வேண்டும், உட்கார இடமும் வேண்டும் என்றால் ஸ்லவ். ஆட வேண்டும், கிட்டார் பிடிக்கும் விரல்களைப் பக்கத்தில் நின்று கவனிக்க வேண்டும் என்றால் ஆல்டர்ஷாட். என்னைக் கேட்டால், அந்த 19-வது ஆளாகப் போய் நிற்பேன்.