நேர்வழியா, சுற்றுவழியா? சவ்வுப் புரதங்களின் இரண்டு பாதைகள்

சேலத்தில் முதுகலை உயிரியல் மாணவர்களிடம் உறுப்புகளின் உட்புறத்தை மூடும் எபிதீலியல் செல்லை வரையச் சொன்னால், புரதங்களைப் பிரித்தனுப்பும் கோல்ஜியிலிருந்து, சவ்வுப் புரதங்கள் போகும் வழியாக இரண்டு அம்புக்குறிகள் போடுவார்கள். ஒன்று குழலின் உட்புறம் பார்த்த மேல்முகத்துக்கு, மற்றொன்று இரத்தப் பக்கமுள்ள கீழ்முகத்துக்கு. படம் தவறில்லை. ஆனால் அது சிறுநீரகச் செல்லின் படம், கல்லீரலுக்கு அப்படியே பொருந்தாது.

நேர்வழிக்கு வழக்கமான எடுத்துக்காட்டு எம்டிசிகே என்ற ஆய்வகச் செல்கள், 1958இல் காக்கர் ஸ்பானியல் நாயொன்றின் சிறுநீரகத்திலிருந்து எடுத்தவை. ஆய்வாளர்கள் ரோட்ரிகஸ் பூலானும் சபட்டினியும் 1978இல் இவற்றில் வைரஸ்களைத் தொற்றவைத்தார்கள். மின்னணு நுண்ணோக்கியில் இன்ஃப்ளூயன்சா மேல்முகத்தில் மொட்டுவிட்டிருந்தது. வெசிகுலார் ஸ்டொமடைடிஸ் வைரஸ் கீழ்முகத்தில். வைரஸ் மொட்டுவிடும் முகம், அதன் சவ்வுப் புரதம் சேரும் முகத்துக்குத் தடயம். இரண்டு முகங்களும் கலந்துவிடாதபடி அடுத்தடுத்த செல்களைச் சேர்த்துக் கட்டும் இறுக்கச் சந்தி தடுக்கிறது. கீழ்முகம் போகும் புரதங்கள் பலவற்றின் வாலில், முகவரி போல, டைரோசின் என்ற அமினோ அமிலக் குறியோ இரட்டை லியூசின் குறியோ இருக்கும். அவற்றில் சிலவற்றை ஏபி-1பி என்ற அடாப்டர் (சரக்கைப் பிரித்தேற்றும் புரதத் தொகுதி) படிக்கிறது. மேல்முகக் குறிகளில் அந்த ஒழுங்கு இல்லை: ஜிபிஐ நங்கூரம் (புரதத்தைச் சவ்வில் பிணைக்கும் கொழுப்பு), சர்க்கரைச் சங்கிலி என்று ஆளுக்கொரு விதம். எல்லாவற்றையும் லிப்பிட் ராஃப்ட் என்ற, சவ்வில் குறிப்பிட்ட கொழுப்புகள் செறிந்த திட்டுகளின் தலையில் கட்டும் தேர்வு விடைகளில் எனக்கு நம்பிக்கையில்லை. ஃபிஷர் எலித் தைராய்டு செல்களில் ஜிபிஐ புரதங்கள் பெரும்பாலும் கீழ்முகத்துக்கே போகின்றன.

கல்லீரல் செல்லில் ஏபி-1பி கிடையாது. அங்கே மேல்முகப் புரதங்கள் பலவும் முதலில் இரத்தப் பக்கச் சவ்வில் இறங்கி, பிறகு எண்டோசோம் என்ற செல்லுக்குள்ளான பைகள் வழியாக, மேல்முகமான பித்த நுண்குழாய்க்குக் கடக்கின்றன. வீண் அலைச்சலா? இருபது கொண்டை ஊசி வளைவுகளில் ஏற்காடு ஏறுபவருக்குக் ஏற்காட்டுக்கான இன்னொரு சாலையான குப்பனூர்ப் பாதை சுற்றுதான். குப்பனூரில் சரக்கு ஏற்ற வேண்டியவருக்கு அதுவே வழி. குடல் செல்லின் பாலிமெரிக் ஐஜி ஏற்பி அப்படித்தான்: கீழ்முகத்தில் ஐஜிஏ என்ற எதிர்ப்புரதத்தைப் பிடித்து, மேல்முகம் சேர்ந்ததும் வெட்டப்பட்டு, அதனுடனேயே வெளியேறுகிறது. அதற்குத் திரும்பு பயணமே இல்லை.

ஆகவே உறுப்பை வைத்துக் கட்சி பிரிப்பதை நான் ஏற்பதில்லை. பித்த உப்பை வெளியேற்றும் ஏபிசி கடத்திகள் என்ற சவ்வுப் புரதங்கள் கல்லீரலிலும் கோல்ஜியிலிருந்து நேராகவே போகின்றன. கேகோ-2 என்ற ஆய்வகக் குடல் செல்கள் இரண்டு வழிகளையும் பயன்படுத்துகின்றன. புரதம் கடைசியில் எங்கே நிற்கிறது என்று மட்டும் பார்த்தால் வந்த வழி தெரியாது. துளைச் சவ்வில் செல்லை வளர்த்து, புதிதாகத் தயாரான புரதத்துக்குக் கதிரியக்கக் குறியிட்டு, நேரம் போகப்போக ஒவ்வொரு முகத்திலும் தனித்தனியே பயோட்டின் என்ற அடையாள மூலக்கூறை ஒட்டிப் பார்க்க வேண்டும். கீழே முதலில் கூடி, அங்கே குறையக் குறைய மேலே ஏறினால், அது சுற்றி வந்த புரதம்.