பழைய பத்மினிக்கு ஏ.சி. பம்பா, எலெக்ட்ரிக் பம்பா?

மே மாத வெயிலில் சிக்னலில் நிற்கும்போது பிரீமியர் பத்மினி கார் திணறி அணைந்துபோகும். பானெட்டைத் திறந்து, எஞ்சினுக்குப் பெட்ரோல் அனுப்பும் பம்பின் மேல் ஈரத்துணியைப் போட்டுக் காத்திருந்தால், கொஞ்ச நேரத்தில் ஒன்றுமே நடக்காதது போலக் கிளம்பும். இந்த வண்டி வைத்திருப்பவர்களுக்கு இது புதிதில்லை. சூட்டில் பெட்ரோல் ஆவியாகி, பம்ப் இழுக்க முடியாமல் போவதுதான் பெரும்பாலும் காரணம். இதற்கு இரண்டு வழி உண்டு. எஞ்சின் பிளாக்கில் இருக்கிற பழைய மெக்கானிக்கல் பம்புக்கு, அதாவது மெக்கானிக்குகள் சொல்கிற ஏ.சி. பம்புக்கு, ரிப்பேர் கிட் (உள்ளே இருக்கும் ரப்பர் பாகங்கள்) மாற்றி ஓட்டுவது ஒன்று. அதைக் கழற்றிவிட்டு டேங்க் பக்கத்தில் 12 வோல்ட் எலெக்ட்ரிக் பம்ப் வைப்பது இன்னொன்று. நான் இரண்டாவதற்கு மாறிவிட்டேன். என் சாய்வை மறைக்கப் போவதில்லை.

பம்ப் மேல் பழி போடும் முன் சில சோதனைகள். வண்டி நின்றதும் டேங்க் மூடியைத் திறங்கள். உஸ்ஸென்று காற்று உள்ளே போனால் மூடியின் காற்றுத் துளை அடைத்திருக்கிறது. அடுத்து ஸ்பார்க். ஸ்பார்க்குக்கு வேண்டிய காயிலும் கண்டென்சரும் சூடேறி மக்கர் பண்ணினால் இதே அறிகுறியைத்தான் காட்டும். ஸ்பார்க் சரியாக இருந்தால், எஞ்சின் ஆறிய பிறகு காயில் வயரைக் கழற்றிவிட்டு, கார்புரேட்டருக்குப் போகும் ஹோஸை ஒரு பாட்டிலில் விட்டு செல்ஃப் அடியுங்கள். பெட்ரோல் விட்டுவிட்டுப் பலமாகப் பீய்ச்சினால் பம்ப் நன்றாக இருக்கிறது. கார்புரேட்டருக்குள் இருக்கும் ஃப்ளோட், நீடில் வால்வு, ஜெட் பக்கம் போங்கள். குமிழியோடு சொட்டினால் பம்பில் கோளாறு, அல்லது டேங்கிலிருந்து வரும் லைனில் எங்கோ காற்று இழுக்கிறது.

சூட்டு விஷயத்தில் எலெக்ட்ரிக் ஜெயிப்பது எல்லோருக்கும் தெரிந்ததுதான். பழைய பம்ப் பின்னாலிருந்து உறிஞ்ச வேண்டும், அதுவும் கொதிக்கும் பிளாக்கில் உட்கார்ந்துகொண்டு. எலெக்ட்ரிக் பம்ப் பின்னாலிருந்து தள்ளுகிறது. அழுத்தத்தில் இருக்கும் பெட்ரோல் சுலபத்தில் ஆவியாகாது.

என்னை மாற வைத்தது அதுவல்ல, பழைய பம்புக்குள் பெட்ரோலை இழுக்கும் ரப்பர் சவ்வான டயாஃப்ரம். 2023 பிப்ரவரியில் அறிமுகமான 20 சதவீத எத்தனால் கலந்த பெட்ரோல்தான் இப்போது பெட்ரோல் பங்க்குகளில் பெரும்பாலும் கிடைக்கிறது. அந்தக் காலத்து ரப்பருக்கு எத்தனால் ஆகாது. ஊதும், விறைக்கும், வெடிப்பு விடும். சென்னை புதுப்பேட்டையில் கிட் கிடைக்கும்தான். ஆனால் அது பழைய சரக்கா, எத்தனால் தாங்கும் ரப்பரா என்று பார்த்துச் சொல்ல முடியாது. டயாஃப்ரம் கிழிந்தால் வண்டி நிற்பதோடு போகாது, எஞ்சினுக்கு அடியில் ஆயில் தேங்கும் சம்ப்புக்குள் பெட்ரோல் இறங்கும். ஆயில் பார்க்கும் கம்பியான டிப்ஸ்டிக்கில் அளவு ஏறியிருந்து, பெட்ரோல் வாடையும் அடித்தால் மேற்கொண்டு ஓட்டாதீர்கள். நீர்த்த ஆயிலில் ஓடினால் பேரிங் போய்விடும், செலவு எஞ்சின் வேலைக்குப் போய் நிற்கும். பாகங்களுக்கு பெரிய வாடிக்கையாளராக இருந்த மும்பை பத்மினி டாக்சிகளும் 20 வருட வரம்பு முடிந்து 2023 அக்டோபரோடு சாலையை விட்டுப் போய்விட்டன. இனி நல்ல கிட் கிடைப்பது சுலபமாகும் என்று எனக்குத் தோன்றவில்லை.

எலெக்ட்ரிக்கிலும் வில்லங்கம் உண்டு. கடைக்காரர், கார்புரேட்டர் இல்லாத ஃப்யூயல் இன்ஜெக்ஷன் வண்டிகளுக்கான எம்.பி.எஃப்.ஐ. பம்பை நீட்டினால் வாங்காதீர்கள். அது கிட்டத்தட்ட 40 பி.எஸ்.ஐ. அழுத்தத்தில் தள்ளும். கார்புரேட்டரின் நீடில் வால்வு மூன்று நான்கு பி.எஸ்.ஐ.க்கு மேல் தாங்காது, வழிந்து பெட்ரோல் எஞ்சின் மேலேயே கொட்டும். பழைய பம்ப் எஞ்சின் நின்றால் தானும் நின்றுவிடும், இது நிற்காது. அதனால் ஃப்யூஸ், ரிலே, ஆயில் பிரஷர் போனால் கரண்டை வெட்டும் சுவிட்ச் மூன்றும் கட்டாயம். இவை வேண்டாமென்று சொல்லும் எலெக்ட்ரீஷியனிடம் வேலையைக் கொடுக்காதீர்கள். பம்பை டேங்குக்குப் பக்கத்தில் தாழ்வாக, பெட்ரோல் முதலில் ஃபில்டரைக் கடந்து பம்புக்கு வரும்படி பொருத்துங்கள். பழைய பம்ப் இருந்த இடத்தைத் தகடும் கேஸ்கெட்டும் வைத்து அடைக்காவிட்டால் ஆயில் ஒழுகும். டிக்டிக்கென்ற சத்தம் எனக்குப் பழகிவிட்டது, வீட்டில் இன்னும் பழகவில்லை.

என் ஓட்டமெல்லாம் நகரத்திலும் நெடுஞ்சாலையிலும்தான். கொல்லிமலை மாதிரி ஏற்றத்தில் இது எப்படி என்று என்னைக் கேட்காதீர்கள். விண்டேஜ் ராலிக்கு ஒரிஜினலாகக் கொண்டுபோகிறவர்கள் ஏ.சி. பம்பையே வைத்துக்கொள்ளட்டும், நல்ல கிட்டும், பம்புக்கும் பிளாக்குக்கும் நடுவே சூடு தடுக்கும் துண்டும், வாராவாரம் டிப்ஸ்டிக்கைப் பார்க்கிற பழக்கமும் இருந்தால் போதும். எதை வைத்தாலும் டேங்கிலிருந்து கார்புரேட்டர் வரை ரப்பர் ஹோஸ் அத்தனையையும் எத்தனால் தாங்கும் ரகமாக மாற்றிவிடுங்கள்.