என்பிடெல்: மூன்று ஆண்டுகள், ஐந்து பாடங்கள்

ஐஐடி பேராசிரியர்கள் பாடம் நடத்தும் ஆன்லைன் தளமான என்பிடெல்லில் 2021 ஜூலையில் முதல் பாடத்துக்குப் பதிவு செய்தபோது எங்கள் கல்லூரி இன்னும் திறக்கவில்லை. திருமங்கலம் பக்கத்துக் கிராமம். வீட்டு மாடியில் உட்கார்ந்தால்தான் சிக்னல் கிடைக்கும். காலையில் கல்லூரியின் ஆன்லைன் வகுப்பில் கேமராவை அணைத்துவிட்டு, அட்டெண்டன்ஸுக்காக மட்டும் உள்ளே இருப்போம். அதனால் இன்னொரு ஆன்லைன் பாடம் என்றதுமே அலுப்பாக இருந்தது. சீனியர் அக்கா ஒருவர் வற்புறுத்தியதால் ஐஐடி ரோப்பர் பேராசிரியர் சுதர்சன் ஐயங்காரின் பைத்தான் புரோகிராமிங் பாடத்தில் சேர்ந்தேன். 12 வாரம், பதிவு இலவசம்.

இலவசம் என்பதால் எங்கள் வகுப்பில் பாதிப் பேருக்கு மேல் சேர்ந்தார்கள். சான்றிதழுக்கான தேர்வுக்கு 1000 ரூபாய் கட்டியவர்களை விரல் விட்டு எண்ணிவிடலாம். மாணவர்களுக்கு ஆன்லைன் படிப்பில் விருப்பம் இருக்கிறதா என்று கேட்பவர்கள் முதல் எண்ணிக்கையைப் பார்க்கிறார்கள். இரண்டாவதைத்தான் பார்க்க வேண்டும் என்பேன்.

நான் ஏன் பாதியில் விடாமல் தொடர்ந்தேன்? முதல் காரணம் புதன்கிழமை. ஒவ்வொரு வாரமும் வீடியோக்கள் வரும், அசைன்மெண்ட் வரும், புதன் இரவு 11:59-க்குள் அனுப்பிவிட வேண்டும். அதற்குப் பிறகு திறக்காது. அதே வருடம் ஒரு தனியார் செயலியில் காசு கொடுத்து ஒரு கோர்ஸ் வாங்கினேன். எப்போது வேண்டுமானாலும் பார்க்கலாம் என்றார்கள். இன்றுவரை அது கால்வாசியில் நிற்கிறது. கெடு இருந்தும் மூச்சு முட்டவில்லை. 12 வாரப் பாடத்தில் நல்ல மதிப்பெண் வந்த 8 அசைன்மெண்ட்களை மட்டும்தான் கணக்கில் எடுப்பார்கள். இன்டர்னல் தேர்வு வந்த வாரங்களிலும், பாட்டியை ஆஸ்பத்திரியில் சேர்த்திருந்த வாரத்திலும் அது என்னைக் காப்பாற்றியது.

இரண்டாவது, தேர்வு அறை. பெரும்பாலான பாடங்களில் அசைன்மெண்டுக்கு 25 மதிப்பெண், தேர்வுக்கு 75. தேர்வை வீட்டிலிருந்து எழுத முடியாது. அடையாள அட்டையோடு மையத்துக்குப் போய்க் கம்ப்யூட்டரில் எழுத வேண்டும். வீட்டிலிருந்தே எழுதவிட்டால் இன்னும் நிறையப் பேர் வருவார்களே என்று முதலில் நினைத்தேன். இப்போது அப்படி நினைக்கவில்லை. "வீடியோ பார்த்ததுக்கு சர்டிபிகேட்டா?" என்று கேட்ட அப்பா, மதுரையில் தேர்வு மையம் வாசல் வரை வந்து பார்த்த பிறகு அடுத்த முறை கேட்காமலேயே பணம் கொடுத்தார். எங்கள் வீடு ஆன்லைன் படிப்பை நம்பியது அன்றைக்குத்தான். அசைன்மெண்ட் விடைகளை டெலிகிராமில் வாங்கி 25-க்கு 24 எடுத்த நண்பர்கள் தேர்வில் 30-ஐத் தொடவில்லை. அசைன்மெண்டில் 10, தேர்வில் 30 என்று தனித்தனியாக எடுத்தால்தான் சான்றிதழ். அவர்கள் மறுபடி சேரவே இல்லை. திறமை குறைந்தவர்கள் இல்லை, முதல் அனுபவமே கசந்துவிட்டது.

மூன்றாவது, கிரெடிட், அதாவது பட்டப்படிப்பில் ஒரு பாடத்தை முடித்ததற்குக் கணக்கில் சேரும் புள்ளி. ஒரு செமஸ்டரின் மொத்தப் பாடங்களில் 40 சதவீதம் வரை, என்பிடெல் பாடங்களும் அடங்கிய மத்திய அரசின் ஸ்வயம் தளம் வழியாகப் படித்துக் கிரெடிட் பெறலாம் என்று பல்கலைக்கழக மானியக் குழுவான யுஜிசி 2021-ல் விதி மாற்றியது. விதி இருந்தாலும் கல்லூரி ஏற்க வேண்டும். செமஸ்டர் தொடங்கும் முன்பே துறையில் எழுதிக் கொடுக்க வேண்டும் என்று எங்களிடம் யாரும் சொல்லவில்லை; என் முதல் இரண்டு பாடங்களுக்கும் கிரெடிட் கிடைக்கவில்லை. மூன்றாவதை ஒரு எலெக்டிவ்வுக்கு, அதாவது விருப்பப் பாடத்துக்குப் பதிலாக ஏற்றுக்கொண்டார்கள். அந்தச் செய்தி பரவியதும் அடுத்த செமஸ்டரில் பணம் கட்டியவர்கள் கூடினார்கள். ஆன்லைன் பிடிக்காது என்று சொல்லிக்கொண்டிருந்தவர்களும் அதில் இருந்தார்கள்.

மொழியைப் பற்றியும் சொல்ல வேண்டும். தமிழ் வழியில் பன்னிரண்டாம் வகுப்பு முடித்தவள் நான். முதல் மூன்று வாரம் விரிவுரை காதில் விழுந்தது, மனதில் ஏறவில்லை. வேகத்தை 0.75-ஆகக் குறைத்து, சப்டைட்டில் போட்டு, நிறுத்தி நிறுத்திப் பார்த்தேன். வகுப்பறையில் ஆசிரியரை அப்படி நிறுத்தக் கேட்க எனக்குத் துணிச்சல் வந்திருக்காது. சில பாடங்களுக்குத் தமிழ் எழுத்துவடிவமும் கிடைக்கிறது. சேருவதற்கு முன் உங்கள் பாடத்துக்கு இருக்கிறதா என்று பாருங்கள்.

ஐந்து பாடங்களில் ஒன்றில் மட்டும் மொத்தம் நூற்றுக்கு 75-க்கு மேல் எடுத்து எலைட் சில்வர் சான்றிதழ் வாங்கினேன். அதைத் தனியாகப் படிக்கவில்லை. அதே பாடத்தில் சேர்ந்த தோழியும் நானும் செவ்வாய்க்கிழமை இரவு ஹாஸ்டல் மொட்டை மாடியில் உட்கார்ந்து, ஒரே போனில் பார்த்து, கணக்கை நோட்டில் போட்டுப் பார்ப்போம். மற்ற நான்கிலும் நான் தனி.

கோடிங் பாடத்துக்குப் போன் போதாது, லேப்டாப்போ கல்லூரி லேபோ வேண்டும். எஸ்சி, எஸ்டி, மாற்றுத்திறனாளி மாணவர்களுக்குத் தேர்வுக் கட்டணம் பாதிதான். எங்கள் வகுப்பில் இது தெரியாமலேயே விட்டவர்கள் இருந்தார்கள், அது எனக்கு இன்னும் வருத்தம்.

வருகிற ஜூலையில் தம்பி சேர்கிறான். துறையில் கடிதம் கொடுத்துவிட்டானா என்று முதலில் கேட்டேன், கொடுத்துவிட்டான். பக்கத்துத் தெரு நண்பனும் அதே பாடம்தான். செவ்வாய்க்கிழமை இரவுகளில் எங்கள் மாடியில் உட்காருவதாக இருவரும் பேசி வைத்திருக்கிறார்கள்.