கன்சோல் லாகின்: ஒரே பாஸ்வேர்டா, லோக்கல் யூசரா, டாகாக்ஸா?

கோலாலம்பூரின் பிரிக்பீல்ட்ஸ், செந்தூல் பக்கம் கடைவீட்டு அலுவலகங்களில் ரேக்குக்கென்று தனி அறை இருப்பது அபூர்வம். மாடிப்படிக்கு அடியில் நிற்கும் சிஸ்கோ நெட்வொர்க் சுவிட்சில் யார் வேண்டுமானாலும் அதை நேரடியாக இயக்க உதவும் கன்சோல் கேபிளைச் செருகலாம். அந்த போர்ட்டுக்கு எந்த லாகின் முறை வைப்பது?

சுவிட்சில் 'லைன் கன்சோல் 0' என்ற கன்சோல் அமைப்புப் பகுதிக்குள் போய் ஒரு பாஸ்வேர்டும் 'லாகின்' என்ற கட்டளையும் கொடுப்பது சுலபமான வழி. எனக்கு இதில் உடன்பாடே இல்லை. எல்லோருக்கும் ஒரே பாஸ்வேர்டு என்றால் யார் உள்ளே வந்தார் என்று லாகில் தெரியாது. பாஸ்வேர்டு என்கிரிப்ஷனைப் போட்டாலும் அது டைப் 7 என்ற பலவீனமான மறைப்புதான், நொடியில் பிரித்துவிடலாம்.

'லாகின் லோக்கல்' எவ்வளவோ மேல். சுவிட்சிலேயே ஆளுக்கொரு யூசர், 'சீக்ரெட்' போட்டால் பாஸ்வேர்டை நேராகத் திருப்பி எடுக்க முடியாத ஹாஷாகச் சேமிக்கும். ஒருவர் வேலையை விட்டுப் போனால் அவர் பெயரை மட்டும் நீக்கினால் போதும். நாலைந்து சுவிட்ச் உள்ள இடத்துக்கு இதுவே தாராளம். யூசரை முதலில் உருவாக்குங்கள், அப்புறம்தான் லாகின் லோக்கல். சோதித்துப் பார்க்கும்வரை ஒரு எஸ்எஸ்எச் இணைப்பை (நெட்வொர்க் வழியாக சுவிட்சுக்குள் நுழையும் வழி) திறந்தே வைத்திருங்கள்.

கிளைகள் பெருகினால் ஒவ்வொரு பெட்டியாகப் போய் யூசரை நீக்க முடியாது. அங்கே ஏஏஏ (லாகின், அனுமதி, பதிவு மூன்றையும் கவனிக்கும் அமைப்பு) வைத்து, எல்லா யூசர்களையும் ஒரே இடத்தில் வைத்திருக்கும் டாகாக்ஸ் பிளஸ் சர்வரிடம் விடுவதுதான் சரி. ஆனால் கன்சோலுக்கும் அதையே வைக்கலாமா? கோலாலம்பூரில் மாலை இடிமழையில் லைன் போனால், சர்வரை எட்டவே முடியாத அந்த நேரத்தில்தான் கன்சோல் தேவைப்படும். 'குரூப் டாகாக்ஸ் பிளஸ்' என்பதற்குப் பின்னால் 'லோக்கல்' சேர்த்தால் சமாளிக்கலாம் என்பார்கள். பாதிதான் சரி. சர்வர் பதிலே தராவிட்டால்தான் லோக்கலுக்கு இறங்கும். சர்வர் உயிரோடு இருந்து 'தவறு' என்று மறுத்தால் அங்கேயே கதை முடிந்தது. சர்வரில் யூசர் பட்டியல் கெட்டுப்போன நாளில் எல்லோரும் வெளியேதான்.

அதனால் என் தேர்வு இரண்டும் கலந்தது: எஸ்எஸ்எச்சுக்கு டாகாக்ஸ், கன்சோலுக்கு லோக்கல் மட்டும் உள்ள தனிப் பட்டியல். அதில் ஒரே ஒரு அவசர யூசர், பாஸ்வேர்டு உறையில் போட்டு மேலாளரின் லாச்சியில்.

எதை வைத்தாலும் எக்ஸெக் டைம்அவுட்டை (சும்மா இருந்தால் தானாக லாகவுட் ஆகும் நேரம்) 0 0 ஆக்காதீர்கள், அப்புறம் தானாக லாகவுட்டே ஆகாது. ஆர்ஜே45 கேபிளைப் பிடுங்கினால் லாகவுட் ஆகிவிடாது. அடுத்து செருகுபவர் நேராக முழு அதிகாரம் உள்ள உங்கள் எனேபிள் ப்ராம்ப்டில் வந்து நிற்பார். இயல்பாக இருக்கும் 10 நிமிடமே எனக்கு அதிகம், 5 வைக்கிறேன்.

அப்புறம் ரேக்குக்கு ஒரு பூட்டு வாங்குங்கள். பவரை அணைத்துப் போட்டு பாஸ்வேர்டு மீட்பு செய்யத் தெரிந்தவரை இந்த மூன்று முறையும் தடுக்காது.