மிளகாயில் பூ கொட்டினால்: தேமோரா, என்.ஏ.ஏ.வா?

பல்லடம் பக்கம் சித்திரை வெயிலும் வறட்டுக் காற்றும் சேர்ந்தால் மிளகாய்ச் செடி பூவைத் தங்கவிடாது. பக்கத்துத் தோட்டத்து அண்ணன் தேமோர் கட்சி, அதாவது மோரும் தேங்காயும் சேர்த்து ஊறவைத்துத் தெளிப்பவர். "ஊட்ல மோரும் தேங்காயும் இருக்கறப்ப மருந்து எதுக்கு தம்பி?" என்பார். நான் அதையும் என்.ஏ.ஏ. என்ற கடை மருந்தையும் அடித்துப் பார்த்து என்.ஏ.ஏ. பக்கம் வந்தவன்.

தேமோருக்குச் செலவு இல்லை. இளநீரில் சைட்டோகைனின் என்ற வளர்ச்சி ஊக்கி இருப்பதும் உண்மைதான். ஆனால் பானையில் ஒரு வாரம் ஊற வேண்டும், ஒவ்வொரு பானையும் ஒவ்வொரு விதம். பூ கொட்டும்போது ஒரு வாரம் நீளம்.

என்.ஏ.ஏ. என்பது செயற்கை ஆக்சின்; ஆக்சின் செடியே சுரக்கும் வளர்ச்சி ஹார்மோன். பூவிலிருந்து காம்புக்கு ஆக்சின் இறங்கிக்கொண்டிருக்கும் வரை காம்பு பிடியை விடாது. வெயிலில் அது குறைந்து, உதிரவைக்கும் எத்திலீன் வாயுவின் கை ஓங்கினால் காம்படி கழன்றுகொள்கிறது. குறைந்ததை வெளியிலிருந்து கொடுக்கிறோம், அவ்வளவுதான். கோவை வேளாண் பல்கலைக்கழகப் பரிந்துரை, நட்ட 60, 90-ஆம் நாட்களில் 10 பிபிஎம், அதாவது லிட்டர் தண்ணீருக்கு 10 மில்லிகிராம்.

அந்தப் பத்தில்தான் எல்லாமே இருக்கிறது. கடையில் கிடைப்பது 4.5 சதவீதக் கரைசல், ஒரு மில்லியில் 45 மில்லிகிராம். 10 லிட்டர் டேங்குக்கு 2.2 மில்லி போதும், 16 லிட்டர் பேட்டரி டேங்குக்கு மூன்றரை. கூடினால் செடியே எத்திலீனைச் சுரக்க ஆரம்பித்துவிடும். ஆப்பிள் தோட்டங்களில் பிஞ்சைக் கலைக்கவே இதே மருந்தை அடிக்கிறார்கள்! போன வருசம் மருந்தடிக்க வந்தவர் புட்டி மூடியால் குத்துமதிப்பாக ஊற்றினார், நானும் பார்த்துக்கொண்டு நின்றேன். நாலாம் நாள் ஆறு பாரில் இலை சுருண்டது, இருந்த பூவும் போனது. தேமோரில் கால் லிட்டர் கூடினாலும் செடி கோபித்துக்கொள்வதில்லை. அண்ணன் ஜெயிக்கும் இடம் இது ஒன்றுதான்.

மெடிக்கலில் 5 மில்லி சிரிஞ்ச் வாங்கினேன். இந்த வருசம் நானே அளந்து, சாயங்கால வேளையில் அடித்தேன். பிஞ்சு நின்றது. நடுவில் ஒரு கோடை மழையும் பெய்தது, முழுப் பெருமையையும் மருந்துக்கே கொடுக்க முடியாது.

தக்காளியில் ஒரே ஒரு போகம்தான் பார்த்திருக்கிறேன், முருங்கையில் தொட்டதே இல்லை. வாசல் அவரைப் பந்தலுக்கு இப்போதும் தேமோர்தான், அதற்கு யார் சிரிஞ்சில் அளந்துகொண்டிருப்பது?